முடிவெட்டு விருந்துக்கு வந்த பாரை மீன்

வீம்பு பிடித்த மனிதன் என்னவெல்லாம் செய்வான் என்று எனக்குத் தெரியும் என்றுதான் நினைத்திருந்தேன். என் கணவரோடு இத்தனை வருடம் குடித்தனம் நடத்தியவளுக்குத் தெரியாமலா இருக்கும்? தெரியவில்லை. போன சனிக்கிழமை என் கொழுந்தன் கைராங்கியின் வீட்டு முற்றத்தில், அவ்வளவு கூட்டத்துக்கு நடுவில் நின்று என் கண்ணால் பார்த்ததை இன்னும் என்னால் நம்ப முடியவில்லை.

கைராங்கி கெட்டவன் இல்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அவனிடம் இருப்பது ஒரு சின்ன ஒட்டுப்பலகைப் படகும், இருமி இருமி ஓடும் ஓர் எஞ்சினும். எங்கள் ராரோதோங்காத் தீவைச் சுற்றியிருக்கும் பவளத்திட்டுக்கு உள்ளேயே சுற்றி வந்து, கை விரல் நீளத்துக்கு நாலு மீனைப் பிடித்துக்கொண்டு வருவான். அவன் மனைவி துவாயினேயின் அண்ணன் மனுவேராவுக்கோ பெரிய படகு. சூரையும் வஞ்சிரமுமாக அள்ளிக்கொண்டு வருவான். துறையில் இரண்டு பேரும் எதிர்ப்பட்டால் போதும், மனுவேரா குனிந்து கைராங்கியின் வாளிக்குள் எட்டிப் பார்ப்பான்.

“என்ன மாப்ளே, இரைய மட்டும் பத்திரமா கரைக்குக் கொண்டாந்துட்ட. மீன எங்க விட்டுட்டு வந்த?”

துறையே சிரிக்கும். கைராங்கியும் சிரிப்பான். ஆனால் அன்று முழுக்கச் சோறு இறங்காது அவனுக்கு.

அவன் மகன் பாவோராவுக்கு ஆறு வயது. பிறந்ததிலிருந்து கத்தி படாத முடி இடுப்பு வரை தொங்கும். எங்கள் தீவு வழக்கப்படி ஊரைக் கூட்டி விருந்து வைத்து அதை வெட்ட நாள் குறித்தார்கள். உடனே மனுவேரா, “மருமவன் முடிவெட்டுக்கு மீன் என் பொறுப்பு. மாப்ளைய நம்பி ஊரக் கூப்பிட்டா ஆளுக்கு ஒரு செதில்தான் கிடைக்கும்” என்று சபை நடுவில் சொல்லிவிட்டான். மறுநாள் விடிந்ததும் கைராங்கி என் வாசலில் நின்றான்.

“அண்ணி, பெரிய மீன் பிடிக்க எனக்குச் சொல்லிக் குடுங்க. எம் மவன் விருந்துல எம் மீன்தான் இருக்கணும்.”

எங்கள் வீட்டில் கடலுக்குப் போகிறவள் நான். என் கணவருக்குப் படகைப் பார்த்தாலே குமட்டும். ஆகவே அவன் என்னிடம் வந்ததில் அதிசயம் இல்லை. அவன் படகிலேயே ஏறி, திட்டுக்கு வெளியே கூட்டிக்கொண்டு போனேன். இரைக்கு உயிரோடு இருக்கும் மடவை மீனின் முதுகில் தூண்டிலை எப்படிக் கோப்பது, பல்லுள்ள மீனுக்குத் தங்கூசி நரம்பின் நுனியில் எப்படிக் கம்பி கட்டுவது, நீரோட்டம் திரும்பும் நேரத்தில் எஞ்சினை நிறுத்திவிட்டு எப்படி மிதந்து போவது என்று எல்லாம் காட்டினேன். சின்ன மீனைப் பிடித்துப் பழகிய கை லேசில் திருந்தாது. இரையை மீன் கவ்வியதும் வெடுக்கென்று இழுப்பான், தங்கூசி அறுந்துவிடும்.

“டேய், அது ஓடறப்ப நீ ஏன் மல்லுக்கு நிக்கிற? ஓட விடு!”

“போயிடும், அண்ணி!”

“எங்க போவும்? படகையும் சேத்து இழுத்துட்டுப் போவட்டும். சின்னப் படகுல அதுதான் வசதி. நீ இழுக்க வேணாம், படகோட கனமே அதக் களைக்க வச்சிடும். ஐயோ, கையில சுத்தாதடா! விரல் வேணுமா, வேணாமா?”

வசவு வாங்கி வாங்கித்தான் கற்றுக்கொண்டான். ஒருநாள் முழங்கை நீளத்துக்கு ஒரு சூரை படகுக்குள் விழுந்தது. அதை மடியில் வைத்துக்கொண்டு அழுதே விட்டான். நான் திரும்பி உட்கார்ந்துகொண்டேன். அவனைப் பார்த்து எனக்கும் கண் கலங்கிவிட்டது.

ஒன்றை மட்டும் அடித்துச் சொன்னேன். வடக்கே பழைய கப்பல் உடைந்து கிடக்கிற திட்டில் தூண்டில் போடக்கூடாது. சொல்ல வேண்டியதே இல்லை, ராரோதோங்காவில் பிறந்த குழந்தைக்கும் தெரியும். அந்தத் திட்டுப் பாசியில் விஷம் இருக்கிறது. அதை மேயும் சின்ன மீனைப் பெரிய மீன் தின்று தின்று உடம்பெல்லாம் சேர்த்து வைத்திருக்கும். எவ்வளவு பெரிய மீனோ அவ்வளவு விஷம். பார்த்தால் தெரியாது, மணத்தில் தெரியாது, வேக வைத்தாலும் போகாது. சந்தேகம் வந்தால் பூனைக்கு ஒரு துண்டு போட்டுவிட்டுக் காத்திருப்போம். தின்ற மனிதனுக்கு வயிறு கலங்கும், உதடு மரத்துப்போகும். பிறகு குளிர்ச்சி எல்லாம் நெருப்பாகச் சுடும். பச்சைத் தண்ணீரைத் தொட்டால் கொதிக்கிற எண்ணெயில் கை வைத்த மாதிரி அலறுவார்கள். எங்கள் ஊரில் அந்த அலறலைக் கேட்காத வீடு கிடையாது.

விருந்துக்கு முந்தின நாள் கடல் மோசம். திட்டுக்கு வெளியே அலை எழும்பி எழும்பி அடித்தது. மனுவேராவே படகை இறக்கவில்லை. “போவாத, கோழி அடிச்சிக்கலாம்” என்று நான் கத்தக் கத்தக் கைராங்கி போனான். சாயங்காலம் திரும்பி வந்தபோது, படகின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை ஒரு பாரை கிடந்தது. பாவோராவை அதன் பக்கத்தில் படுக்க வைத்தால் மீன்தான் நீளம். ஊரே துறைக்கு ஓடி வந்தது. மனுவேரா தொப்பியைக் கழற்றிவிட்டான்.

“மாப்ளே, இனிமே நான் வாயத் திறந்தா என்னன்னு கேளு.”

“எங்கடா பிடிச்ச?” என்று நான் கேட்டேன்.

“திட்டோட தெற்கு வாய்க்கு வெளியில, அண்ணி. நீங்க சொன்ன மாதிரியே ஓட விட்டுத்தான் பிடிச்சேன்.”

தெற்குக் கடல் சுத்தமான கடல். நம்பினேன். கூட்டத்தில் யாரோ, “எதுக்கும் பூனைக்கு ஒரு துண்டு போட்டுப் பாருங்க” என்றார்கள். கைராங்கிக்குச் சுருக்கென்று கோபம் வந்தது.

“தெற்குக் கடல் மீனுக்குப் பூனை எதுக்கு? மனுவேரா பிடிச்சா இப்படிக் கேப்பீங்களா?”

அவன் கேட்டது நியாயமாகத்தான் பட்டது. மீனை வாழை இலையில் சுற்றி, காலையில் மண்ணடுப்பில் புதைத்தோம்.

சனிக்கிழமை பாவோராவை நாற்காலியில் உட்கார வைத்து, முடியைக் கொத்துக் கொத்தாகப் பிரித்து நாடா கட்டியிருந்தார்கள். ஒவ்வொருவராக வந்து ஒரு கொத்து வெட்டிக்கொண்டு, பரிசை வைத்துவிட்டுப் போனார்கள். கைராங்கியின் முகம் வெளிறிக் கிடந்தது. வேர்த்துக் கொட்டியது. அடிக்கடி வீட்டுக்குப் பின்பக்கம் போய்விட்டு வந்தான். மகன் விசேஷம், படபடப்பு என்று நினைத்தேன். வெட்டி முடித்ததும் பாவோரா மொட்டைக் கழுத்தைத் தடவிக்கொண்டு, “பசிக்குது, பசிக்குது” என்று அம்மாவைப் பிடுங்கத் தொடங்கினான்.

மேசை நடுவில் பாரை கிடந்தது. சேப்பங்கிழங்கு, தேங்காய்ப்பாலில் வெந்த கீரை, கோழி என்று எல்லாம் அதைச் சுற்றித்தான். போதகர் எழுந்து ஜெபம் தொடங்கினார். அவர் ஆமென் சொல்லாமல் ஒரு கை மேசைப் பக்கம் நீளாது. அவர் ஜெபமோ முடிகிற ஜெபம் இல்லை. கணவன் வேர்வையில் நனைவதைப் பார்த்த துவாயினே, சத்தம் காட்டாமல் ஐஸ் பெட்டியிலிருந்து ஓர் இளநீரை எடுத்து வந்து அவன் கையில் வைத்தாள்.

அவன் அலறினான்.

இளநீர் மேசைக்கடியில் உருண்டது. அவன் உள்ளங்கையை நெஞ்சோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு குனிந்தான். போதகர் பாதி வாக்கியத்தில் நின்றுவிட்டார். யாருக்கும் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை. எல்லார் கண்ணும் இளநீரிலிருந்து அவன் கைக்கும், கையிலிருந்து மீனுக்கும் போனது.

“என்ன தின்ன?” என்று துவாயினே மெதுவாகக் கேட்டாள்.

“ஒண்ணுமில்ல. வழுக்கிடுச்சு.”

“என்ன தின்னன்னு கேட்டேன்.”

“ஒண்ணுமில்லங்கறேன்ல! ஐயா, நீங்க ஜெபத்த முடிங்க.”

துவாயினே ஐஸ் பெட்டிக்குப் போய் இன்னோர் இளநீரை எடுத்து வந்தாள். அதில் ஐஸ் துண்டு ஒட்டிக்கொண்டிருந்தது. “பிடி” என்றாள்.

அவன் பிடித்தான். என் கண் முன்னால் இரண்டு கையாலும் பிடித்தான். கழுத்து நரம்பு புடைத்தது, கண்ணிலிருந்து தண்ணீர் தாரையாக ஊற்றியது, பல்லைக் கடித்துக்கொண்டு எங்களைப் பார்த்துச் சிரிக்கவும் செய்தான்.

“ஜில்லுன்னுதான் இருக்கு” என்றான்.

மனுவேராவுக்கே தாங்கவில்லை. “வேணாம் மாப்ளே. கீழ போட்டுடு. யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டோம். நான் சொல்றேன்ல, போட்டுடு” என்று கெஞ்சினான். அவன் வாயிலிருந்து அப்படி ஒரு குரல் வந்து நான் கேட்டதில்லை. கைராங்கி இளநீரை இன்னும் இறுக்கிப் பிடித்தான்.

துவாயினே பாரையின் கன்னத்துச் சதையைப் பிய்த்து ஓர் இலையில் வைத்தாள். பாவோராவை இழுத்துக் கொண்டுவந்து கைராங்கி முன்னால் நிறுத்தினாள்.

“நல்ல மீனுதானே? உம் மவனுக்கு நீயே ஊட்டு.”

இதோ உடைந்துவிடுவான் என்று அவள் நினைத்தாள். நாங்கள் எல்லோருமே நினைத்தோம். அதனால்தான் ஒருவர்கூட அசையவில்லை. பாவோராவுக்கு என்ன தெரியும்? காலையிலிருந்து பசி. அப்பா ஊட்டப் போகிறார் என்ற சந்தோஷத்தில் தலையை அண்ணாந்து வாயைத் திறந்தான்.

கைராங்கி இளநீரைக் கீழே வைத்தான். மீனை எடுத்தான். கை மேலே போனது. நிற்கும், நிற்கும் என்று பார்த்துக்கொண்டே இருக்கிறேன், போய்க்கொண்டே இருந்தது. மீன் பிள்ளையின் உதட்டில் பட்டது.

நான் பாய்ந்து அவன் மணிக்கட்டில் ஓங்கி அடித்தேன். துண்டு மண்ணில் விழுந்தது. துவாயினே பிள்ளையை வாரித் தூக்கிப் பாவாடை நுனியால் அவன் உதட்டைத் தேய்த்தாள், சிவந்து தோல் வழன்று அவன் வீறிட்ட பிறகும் தேய்த்தாள். கைராங்கி தரையில் உட்கார்ந்துவிட்டான்.

“கப்பல் திட்டுலதான் பிடிச்சேன், அண்ணி. வெளிய போவ முடியல. எனக்கும் சந்தேகந்தான். பூனைக்குப் போட்டா ஊருக்குத் தெரிஞ்சிடும்ல? அதான் ஈரல நானே தின்னு பாத்தேன்.”

“எப்பத் தெரிஞ்சுது உனக்கு?”

“விடியறப்பவே.”

விடியற்காலையிலேயே தெரியும். தெரிந்துகொண்டே மண்ணடுப்பில் மீனை வைக்கக் கூடவே குனிந்து நின்று உதவினான். தெரிந்துகொண்டே போதகருக்கு நாற்காலி இழுத்துப் போட்டான்.

மனுவேரா அவனைத் தோளில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினான். நாய் தோண்டாத ஆழத்தில் மீனைப் புதைத்தோம். மேசையில் இருந்த மற்றதைச் சாப்பிடச் சொல்லியும் யாரும் தொடவில்லை. கூட்டம் கலைந்து போனது. அவன் பிழைத்துக்கொள்வான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். குளிர் சுடுவது மட்டும் மாதக் கணக்கில் இருக்குமாம். ஊர் அவன் மேல் இரக்கப்படுகிறது. ஊரைக் காப்பாற்றத் தானே தின்று பார்த்தவன் என்றுகூட ஒருவர் சொன்னார். எனக்கு வந்த ஆத்திரத்தில் அவரை அடிக்காமல் விட்டது பெரிது.

நேற்று துவாயினே பிள்ளையோடு என் வீட்டுக்கு வந்தாள். அவனைத் தூங்க வைத்துவிட்டுத்தான் வாயைத் திறந்தாள்.

“அக்கா, நீங்கதான பக்கத்துல நின்னீங்க. எனக்குக் கண்ணு இருட்டிடுச்சு. நீங்க தட்டி விடலன்னாலும் அவரு நிறுத்தியிருப்பாருல்ல?”

“நிறுத்தியிருப்பான். நான்தான் அவசரப்பட்டுட்டேன்” என்றேன்.

அவள் அப்போதுதான் அழுதாள். அவன் விரல்கள் பிள்ளையின் வாய்க்குள் போய்விட்டிருந்ததை நான் அவளிடம் சொல்லவில்லை.