நாற்பத்தைந்தைப் பார்த்தவன்

1

இந்தக் கதை எனக்கு ஒரு துணிக்கடையில் கிடைத்தது. அங்கே ஒரு பெரியவர் இரண்டு சட்டைகளை என் முன்னால் நீட்டி, "இதுல எதுங்க பச்சை?" என்றார். சொன்னேன். அவர் நன்றிக்குப் பதிலாகத் தன் வாலிபத்தைச் சொல்ல ஆரம்பித்துவிட்டார். வீட்டுக்கு வந்து எழுத உட்கார்ந்தேன்.

நிறங்கள் என்பவை ஒளி மனிதனுக்கு எழுதிய...

(அடித்துவிட்டேன். இப்படி ஆரம்பித்த என் கட்டுரை ஒன்றுக்குப் பாராட்டு விழாவே எடுத்தார்கள். பாராட்டியவர்களில் ஒருவரும் அந்த வரியைத் தாண்டிப் படித்திருக்கவில்லை.)

2

ரயில் ஓட்டுவதைத் தவிர வேறு ஆசையே இல்லாததால், அந்தப் பெரியவருக்கு அப்போது வீட்டில் 'டிரைவர்' என்று பெயர். சிவப்பும் பச்சையும் அவன் கண்ணுக்கு இரட்டைப் பிள்ளைகள் மாதிரி; யார் எவர் என்று சொல்ல வராது. எழுத்துத் தேர்வில் தேறிவிட்டான். பாக்கி, கண் பரிசோதனை.

(சிக்னல் தெரியாதவன் ரயில் ஓட்டலாமா என்று கேட்கிறீர்கள். நியாயம்தான். அந்த வீட்டில் ஒருவருக்கும் அது தோன்றவில்லை. பாசத்துக்கும் நிறம் தெரியாது என்று எழுதி, வெட்கப்பட்டு, அடித்துவிட்டேன்.)

அக்காவுக்கு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. அங்கிருந்த நிறப் பரிசோதனைப் புத்தகத்தை மாலையில் கைப்பைக்குள் போட்டுக்கொண்டு வருவாள். பக்கத்துக்கு ஒரு வட்டம். வட்டம் நிறையப் பல நிறப் புள்ளிகள். நல்ல கண்ணுக்கு உள்ளே ஓர் எண் தெரியும். டிரைவருக்குப் புள்ளிகள் மட்டும். ஜன்னலோரத்தில், பொழுது சாய்கிற வெளிச்சத்தில், அக்கா அவன் விரலைப் பிடித்துப் புள்ளிகளின் மேல் ஓட்டுவாள்.

"நம்பரைத் தேடாதடா, அது உனக்கு வராது. ஓரத்துல பாரு, மூணு குண்டுப் புள்ளி, மூக்கு மாதிரி. மூக்கு இருந்தா எட்டு."

"இதுல ரெண்டு மூக்கு இருக்கே, அக்கா."

"அது காதுடா, தடியா! காதுன்னா இருபத்தொன்பது."

அந்த மாலைகளைச் சொல்லும்போது பெரியவரின் முகம்... [உவமை கிடைக்கவில்லை. மடித்த சட்டையையே திரும்பத் திரும்ப மடித்துக்கொண்டிருந்தார்.]

ஒரு பக்கத்தில் மட்டும் அக்காவுக்கே எண் எதுவும் தெரியவில்லை. "இது அச்சுக் கோளாறு, விடு" என்று அவனிடம் காட்டாமலே அடுத்த பக்கத்தோடு சேர்த்து ஹேர்பின் மாட்டிவிட்டாள்.*

* முதலாளியைக் கேட்டிருக்கலாம். புத்தகம் ஏன் வீட்டுக்குப் போகிறது என்று அவரும் கேட்டிருப்பார்.

3

பரிசோதனை நாள். பெரிய டாக்டருக்கு முன்னால் அவருடைய செருமல் உள்ளே வந்தது. பிறகு அவர் வந்தார். அவரிடமும் அதே புத்தகத்தின் பிரதி ஒன்று; அதை முன்னும் பின்னுமாகப் புரட்டிப் புரட்டிக் கேட்டார். கேட்டால் என்ன? டிரைவர் மூக்கைப் பிடித்தான், காதைப் பிடித்தான். எல்லாம் சரி.

அப்போதுதான் டாக்டர், அக்கா வீட்டில் மூடிவைத்த அந்தப் பக்கத்தைத் தன் பிரதியில் திறந்தார். மூக்கைத் தேட வேண்டியிருக்கவில்லை. வாழ்நாளில் முதல்முறையாக, புள்ளிகளுக்குள்ளிருந்து ஓர் எண் தானாக எழுந்து நின்றது.

"நாப்பத்தஞ்சு சார்! பளிச்சுன்னு தெரியுது சார்!"

"எனக்குத் தெரியலையேப்பா."

"கண்ணாடியைத் துடைச்சுட்டுப் பாருங்க சார்."

டாக்டர் உண்மையாகவே துடைத்தார். மாட்டிக்கொண்டு, புத்தகத்தை மூடினார்.

"நல்ல கண்ணுக்கு இந்தப் பக்கத்துல ஒண்ணும் தெரியாதுப்பா. உன்னை மாதிரி ஆளைக் கண்டுபிடிக்கத்தான் இதையே வச்சிருக்கோம்."

4

வாசலில் அக்கா நிற்கிறாள். "என்னடா ஆச்சு?"

இந்த இடத்தில் பில் போடக் கூப்பிட்டார்கள், பெரியவர் போய்விட்டார். மீதி என் தலையில்.

முடிவு ஒன்று: "அந்த டாக்டர் சரியில்லக்கா" என்கிறான். அக்கா நிம்மதியாகிறாள். (பத்திரிகைக்கு அனுப்பினால், கண் கலங்கியதாக வாசகர் கடிதம் வரும்.)

முடிவு இரண்டு: உள்ளதைச் சொல்கிறான். தான் மூடிய பக்கம்தான் தம்பியைக் கவிழ்த்தது என்று தெரிந்ததும் அக்கா...

இரண்டிலும் ஒரு தொல்லை. டிரைவர் இவ்வளவு யோசிக்கிறவனே அல்ல. வேலை கைநழுவிய துக்கம் இருக்கத்தான் செய்கிறது. அதையும் முட்டித் தள்ளிக்கொண்டு வேறொன்று மேலே வருகிறது. அக்காவுக்கே தெரியாத ஒரு நம்பர் அவனுக்குத் தெரிந்திருக்கிறது. எதைக் கண்டாலும் அவளிடம்தான் முதலில் ஓடி வந்து சொல்வான். சொன்னால், எந்தப் பக்கத்தில் என்று அவள் கேட்பாள்.

"அக்கா, இன்னிக்கு நானே ஒரு..."

அவளுக்குத் தெரியக் கூடாது என்று நினைப்பவர்கள் உடனே வந்து அவன் வாயைப் பொத்துங்கள். எனக்குக் கை வரவில்லை.