ஆறு குடத்துக்கு மாகாணி

தேவசகாயம் பிரியாணியைப் பாதியில் விட்டு எழுந்தார். சிதம்பரத்தில் அவருடைய மச்சான் லூர்துசாமி வீட்டு மாடியில் நாற்பது பேர் பந்தியில் இருந்தார்கள். லூர்துசாமியின் மகள் இசைவாணிக்கு அன்று நிச்சயதார்த்தம். பெண் வீட்டுப் பெரிய மாமா இலையை மடிக்காமல் எழுந்தால் நல்லா இருக்காதுதான். நல்லா இல்லாமல் போகட்டும் என்றுதான் எழுந்தார்.

நடந்தது மீன் விஷயம். சம்பந்தி வீட்டு ஆள் ஒருவர், பேச்சுக்கு ஏதாவது கேட்க வேண்டுமே என்று கேட்டார்.

"என்னா பெரியவரே, ஒங்க தொட்டியில ஆறு மீனு ஒரே வாரத்துல போயிடுச்சாமே?"

இவர் வாயைத் திறப்பதற்குள் லூர்துசாமி முந்திக்கொண்டான். பேங்கில் ஆபீசராக இருக்கிறவன், யார் வாயிலிருந்தும் பேச்சைப் பிடுங்கித்தான் பழக்கம்.

"நாந்தான் ரெண்டு ஏஞ்சல் மீன் குடுத்தேன். எப்பிடி வச்சிக்கணும்னு ஒரு பக்கத்துக்கு எழுதியும் குடுத்தேன். மாமா படிச்சாத்தானே? மூணாங் கிளாஸ்ல வேற என்னாதான் சொல்லிக்குடுத்திருப்பாங்க?"

நாற்பது பேரும் சிரித்தார்கள். சவரியம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். தேவசகாயத்துக்குப் பெண்டாட்டி, லூர்துசாமிக்கு அக்கா. அவள் எந்தப் பக்கத்துக்குச் சிரித்தாள் என்பது அவருக்கு அப்போதே தெரிந்துபோயிற்று.

மாடிப்படி இறங்கி, கூடத்தில் இருந்த லூர்துசாமியின் பெரிய தொட்டியில் மூக்கு ஒட்டப் பார்த்தார். எட்டு ஏஞ்சல் மீன்கள், ஒவ்வொன்றும் உள்ளங்கை அகலம். ஒன்று ஓரமாக ஒதுங்கி நின்றது. அதன் பின்பக்கத்தில் மூன்று சிவப்பு நூல் துளி நீட்டிக்கொண்டிருந்தது. தையல் பிரிந்த துணியில் நீட்டுமே, அந்த மாதிரி.

அதே நூலைத்தான் அவர் செத்துப்போன ஆறு மீனிலும் பார்த்திருந்தார்.

அவர் யாரிடமும் சொல்லவில்லை. ஏறின கடலூர் பஸ் புதுச்சத்திரத்தைத் தாண்டியது. அப்புறம் சவரியம்மாளிடம் சொன்னார்.

"அந்தச் செவப்பு நூல் பூச்சி ஒன் தம்பி தொட்டியிலேர்ந்து வந்தது. அத அவன் வாயாலயே, அந்த நாப்பது பேரும் கேக்கறப்பச் சொல்ல வைக்கறேன்."

"ரெண்டு மீனுக்காவ இந்த வயசுல…"

"ஆறு மீனு. சிரிச்சியே, எண்ணிட்டுச் சிரிக்கக் கூடாதா?"

நாற்பது வருஷம் கடலூர் முதுநகரில் போட் இன்ஜின் பார்த்த ஆள் அவர். கை நடுங்க ஆரம்பித்ததும் வேலையை விட்டார். மஸ்கட்டில் நர்ஸாக இருக்கும் மகள் ஜான்சி, அப்பா சும்மா உட்கார்ந்தால் ஊர்ச் சண்டையெல்லாம் வீட்டுக்கு வரும் என்று அந்தத் தொட்டியை வாங்கி வைத்துவிட்டுப் போனாள். கடைச் செடியை அவர் நம்பவில்லை. பெருமாள் ஏரியில் தானே இறங்கி வேலம்பாசி பிடுங்கிவந்தார். அடியில் ஏரிச் சேறு, மேலே கெடிலம் ஆற்று மணல். ஒரு வருஷத்தில் தொட்டிக்குள் ஒரு தோப்பே நின்றது. அந்தத் தோப்புக்குள் பத்து கௌராமி மீன்கள். அதில் பெரிய ஆண், நுரையால் கூடு கட்டி, ஒரு குமிழி உடைந்தாலும் ஓடிவந்து பூசும். அதற்கு மேஸ்திரி என்று பேர் வைத்திருந்தார். அந்த ஆறில் மேஸ்திரியும் போய்விட்டான். லூர்துசாமி கொடுத்த இரண்டு ஏஞ்சலும் அதற்கு முந்தின வாரமே செத்திருந்தன. அதை அவர் கணக்கில் சேர்க்கவில்லை.

மறுநாள் லூர்துசாமி எழுதிக் கொடுத்திருந்த இங்கிலீஷ் காகிதத்தை எடுத்துக்கொண்டு மாட்டாஸ்பத்திரி கம்பவுண்டர் உத்திராபதியிடம் போனார்.

"மொத வரி என்னா போட்டிருக்கு? கூட்டாம கொறைக்காம படி."

உத்திராபதி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு படித்தார். "புது மீன ரெண்டு வாரம் தனியா வச்சிப் பாக்கணும், அதுக்கப்புறம்தான் பெரிய தொட்டியில விடணும்னு இருக்கு. நல்ல யோசனதான் பெரியவரே. ஏன் செய்யல?"

தேவசகாயத்துக்குக் காது சுட்டது. இங்கிலீஷ் தெரியாது என்று தெரிந்த ஆளுக்கு இங்கிலீஷில் எழுதிக் கொடுத்திருக்கிறான். மீன் செத்தால் காகிதம் சாட்சி சொல்லும். என்னா மூளை!

"இருக்கற நாலு மீனையாவது காப்பாத்த வழி சொல்லு."

உத்திராபதி யோசித்தார். சிவப்பு நூல் என்றால் அது குடல் பூச்சிதான், ஆட்டுக்குக் கொடுக்கிற பூச்சி மருந்துத் தூளே கேட்கும் என்றார். "தொட்டி எத்தினி லிட்டரு?"

"லிட்டரு யாருக்குத் தெரியும்? ஆறு கொடம் ஊத்தினேன்."

உத்திராபதி ஒரு தாளில் பெருக்கினார், வகுத்தார், அடித்தார், மறுபடி போட்டார். "பொட்டலத்தப் பதினாறு பங்கு போட்டு அதுல ஒரு பங்கு. ஜாஸ்தியாப் போனா மீனு மல்லாந்துடும். எப்பிடி அளப்பீங்க? தராசுகூட நிக்காதே."

"பதினாறுல ஒண்ணா? மாகாணின்னு சொல்லேன்யா."

"மாகாணியா?"

"எங்க மூணாங் கிளாஸ்ல இதத்தான் சொல்லிக்குடுத்தாங்க. கால், அரைக்கால், மாகாணி. வாய்ப்பாடு தப்பினா முட்டி போட வைப்பாங்க."

வீட்டுக்கு வந்து தூளைக் கண்ணாடித் துண்டில் கொட்டி, சவர பிளேடால் இரண்டாக்கினார். அரை. அதில் பாதி கால். அதில் பாதி அரைக்கால். அதில் பாதி மாகாணி. நடுங்குகிற கை அந்த நேரம் நடுங்கவில்லை. கரைத்து ஊற்றி, வெளிச்சம் பட்டால் மருந்து கெட்டுவிடும் என்று உத்திராபதி சொன்னபடி தொட்டியின்மேல் கோணிச் சாக்கைப் போர்த்தினார்.

ஒரு நாள் கழித்துச் சாக்கை எடுத்தபோது, மணல்மேல் சிவப்பு நூல் துண்டு துண்டாகக் கிடந்தது. சில துண்டு இன்னும் நெளிந்தது. பூச்சி சாகாது, மயங்கித்தான் விழும், உடனே அள்ளிவிட வேண்டும் என்றும் உத்திராபதி சொல்லியிருந்தார். டியூபை வாயில் வைத்து இழுத்து, மணலை ஒட்டி உறிஞ்சி வாளியில் விட்டார். பாதித் தண்ணீரை மாற்றினார். செடியில் ஒரு இலை பழுக்கவில்லை. மூன்று வாரம் கழித்து இன்னொரு தரம் அதே மாகாணி போட்டார். வயிற்றில் தப்பின குஞ்சுப் பூச்சி அதற்குள் பெரிதாகியிருக்கும், இரண்டாம் தரம் போடாவிட்டால் முதல் தரம் போட்டது வீண். நாலு மீனும் வயிறு நிறைந்து திரிய ஆரம்பித்தன.

வாளியில் இருந்த பூச்சியை வாசல் வெயிலில் கொட்டினார். ஈரம் காய்கிறவரை அங்கேயே நின்றார்.

அப்புறம் காத்திருந்தார். நீயே கூப்பிடுவே மச்சான்.

ஒரு புதன்கிழமை சவரியம்மாள் போனும் கையுமாக வந்தாள். "லூர்து பேசறான். மூணு மீனு செத்துடுச்சாம். கடைக்காரன் குடுத்த மருந்து ஒண்ணும் கேக்கலியாம். ஒங்க நாலு மீனு எப்பிடிப் பொழைச்சிதுன்னு கேக்கறான்."

"எழுதி அனுப்பறேன்னு சொல்லு."

"போன்லயே சொல்லிடுங்களேன்!"

"அவன் எழுதித்தானே குடுத்தான்? நானும் எழுதித்தான் குடுப்பேன். மருவாத தெரிஞ்ச குடும்பம் நாம."

வியாழக்கிழமை ஒரு தபால் அட்டை போட்டார். எழுத்துக் கூட்டி எழுத ஒரு மணி நேரம் பிடித்தது. 'ஆட்டுப் பூச்சி மருந்துத் தூள் ஒரு பொட்டலம். ஆறு குடத்துக்கு மாகாணி. ஜாஸ்தி போட்டால் மீன் சாகும். சாக்கு போட்டு மூடு. மறுநாள் பூச்சியை உறிஞ்சி எடு.' அட்டை சனிக்கிழமை போய்ச் சேரும். மறுநாள் ஞாயிறு கோயிலில் இசைவாணியின் கல்யாண அறிவிப்புக்கு முதல் ஓலை வாசிக்கிறார்கள், பூசை முடிந்து அந்த நாற்பது பேரும் லூர்துசாமி வீட்டில்தான் சாப்பாடு. முட்டி வலி என்று சொல்லி அவர் போகவில்லை. சவரியம்மாளையும் போகவிடவில்லை.

"அதுங்க என்னா பாவம் பண்ணுச்சிங்க?" என்றாள் சவரியம்மாள். "இன்னம் அஞ்சு இருக்குதாம்."

"மேஸ்திரி என்னா பாவம் பண்ணான்?"

ஞாயிறு மதியம் போன் அடித்தது. மூன்று தரம் அடிக்க விட்டுத்தான் எடுத்தார்.

"மாமா, மாகாணின்னா என்னா மாமா?"

"ஏன், படிச்சவந்தானே நீ?"

"மருந்துக் கடையில மாகாணி குடுங்கன்னு கேட்டேன். அப்பிடி ஒரு கம்பெனியே இல்லங்கறான். பக்கத்து வீட்டு நடனசபாபதிகிட்டக் காமிச்சா, மா, காணி ரெண்டும் நெலக்கணக்குங்க, மீன் தொட்டிக்கு எதுக்குங்க நெலம்னு கேக்கறாரு. வெளையாடாதீங்க மாமா. காலையில இன்னொண்ணு போயிடுச்சி."

பின்னால் தட்டுச் சத்தம், பேச்சுச் சத்தம். பந்தி நடந்துகொண்டிருந்தது.

"சம்பந்தி வீட்டுக்காரங்க இருக்காங்களா?"

"எல்லாரும் இருக்காங்க."

"போன ஸ்பீக்கர்ல போடு."

"எதுக்கு மாமா?"

"போடறியா, வைக்கட்டா?"

போட்டான். சத்தம் அகலமானது. யாரோ "பெரியவரா பேசறாரு?" என்றது தெளிவாகக் கேட்டது.

"மச்சான், என் தொட்டிக்குப் பூச்சி எங்கேர்ந்து வந்துச்சி?"

அந்தப் பக்கம் லூர்துசாமி தொண்டையைச் செருமினான்.

"தெரியலன்னா பரவால்ல. இருக்கற நாலும் போவட்டும், அப்புறம் பேசிக்கலாம்."

"…எங்க தொட்டியிலேர்ந்துதான் மாமா."

"கேக்கல. சோத்த முழுங்கிட்டுப் பேசு."

"என் தொட்டியிலேர்ந்துதான் வந்துச்சி! நான் குடுத்த மீன்லதான் இருந்துச்சி! போதுமா?"

"போதாது. எனக்கு எந்த பாஷையில எழுதிக் குடுத்த?"

"இங்கிலீஷ்ல."

"எனக்கு இங்கிலீஷ் தெரியுமா?"

"தெரியாது மாமா."

"எனக்குத் தெரியாதுங்கறது ஒனக்கு அப்பவே தெரியுமா?"

பந்தியில் யாரோ டம்ளரைக் கீழே வைத்தார். கடைசியில் "தெரியும்" என்றான் லூர்துசாமி. அந்தப் பக்கம் ஒரு ஆள் களுக்கென்று சிரித்தார். அன்றைக்குச் சிரித்த அதே சம்பந்தி வீட்டு ஆள்தான், குரல் இவருக்குத் தெரியும். இந்தத் தரம் சிரிப்பு வேறு ஆள்மேல் விழுந்தது.

தேவசகாயம் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார். "எழுதிக்க. பதினாறுல ஒரு பங்கு மாகாணி. பொட்டலத்தப் பாதியாக்கு, அதப் பாதியாக்கு, இப்பிடி நாலு வாட்டி. மூணாங் கிளாஸ் பாடம். புரியலன்னா மூணாங் கிளாஸ் படிக்கிற புள்ளயக் கேளு."

போனை வைத்தார். சவரியம்மாள் கதவில் சாய்ந்து நின்றிருந்தாள். முகத்தில் சிரிப்பும் இல்லை, அழுகையும் இல்லை.

"எல்லாத்தையும் சொல்லிட்டீங்கல்ல? நாலும் பொழைச்சிக்குமில்ல?"

"கேட்டதச் சொன்னேன்."

அவள் உள்ளே போகும்வரை இருந்து, எழுந்து காலண்டரிடம் போனார். இன்றைக்கு மருந்து ஊற்றுவான். நாளைக்கு நூல் விழும், மீன் தெளியும், ஊர் பூராவும் போன் போட்டுத் தானே கண்டுபிடித்ததாகச் சொல்வான். குஞ்சுப் பூச்சிக்கு மூன்று வாரம் கழித்து இரண்டாம் தரம் போட வேண்டும் என்பது அவனுக்குத் தெரியாது. அட்டையிலும் இல்லை, போனிலும் இல்லை. விரலை வைத்து மூன்று ஞாயிறு எண்ணினார். மூன்றாவது ஞாயிறு இசைவாணி கல்யாணத்துக்கு முந்தின நாள். அன்றைக்கு வீட்டில் நாற்பது இல்லை, நானூறு பேர் இருப்பார்கள்.

பென்சிலை நாக்கில் நனைத்து அந்தத் தேதியைச் சுற்றி வட்டம் போட்டார். பிறகு போய் நாலு மீனுக்கும் தீனி போட்டார்.