என் பகுதியில் இருந்த பிழை

வெள்ளிக்கிழமை சூஸ் சாலையில் விஸெமின் கார் லாரியில் மோதியது. சனிக்கிழமை அடக்கம் செய்தோம். திங்கட்கிழமை காலை வழக்கம்போல மெட்ரோ பிடித்துத் துனிஸ் அலுவலகத்துக்குப் போனேன். வேறு எங்கே போவதென்று தெரியவில்லை.

நானும் அவனும் நான்கு வருடங்களாக ஒரே கம்பைலரில் வேலை செய்தவர்கள். எழுதிய நிரலை இயந்திரத்தின் சொந்த மொழிக்கு மாற்றித் தரும் மென்பொருள் அது. நிரல் ஓடும்போது, தேவை முடிந்த பொருள்களை நினைவகத்திலிருந்து குப்பைபோலக் கூட்டியெடுத்து, மீதியை நகர்த்தி அடுக்கும் பகுதி அவனுடையது. சி மொழியில் உள்ள பழைய நிரல்களோடு எங்கள் மொழியை இணைக்கும் பகுதி என்னுடையது.

தெற்கே ஓர் உப்புநீக்க ஆலையில் எங்கள் மென்பொருள் ஒரு மாதமாக நாளுக்கு இரண்டு முறை நின்றுபோய்க்கொண்டிருந்தது. நிற்கும் இடம் எப்போதும் விஸெமின் பகுதிதான். அவன் இறந்ததற்கு முதல் நாள், வியாழக்கிழமைக் கூட்டத்தில், மேலாளர் மொந்தர் எல்லார் முன்னாலும் கேட்டார்.

“என்னப்பா, உன் துடைப்பம் குப்பையோட சேத்து குடித்தன சாமானையும் வாரிட்டுப் போகுதே?”

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

“பாத்துட்டிருக்கேன் சார்” என்று மட்டும் சொன்னான் விஸெம்.

அந்தத் திங்கட்கிழமை அவன் பாதியில் விட்ட வேலை என்னிடம் வந்தது. திறந்தேன். கோப்பின் மேலே ஒரு குறிப்பு. தேதி, கூட்டத்துக்கு முந்தின நாள், புதன்கிழமை.

“பிழை எம்னாவின் பகுதியில். சி நிரல் ஒரு பொருளின் முகவரியைக் கையில் வைத்திருக்கும்போதே நான் அந்தப் பொருளை வேறு இடத்துக்கு நகர்த்திவிடுகிறேன். நகர்த்தாதே என்று அவள் பகுதி எனக்குச் சொல்ல வேண்டும், சொல்லவில்லை. கூட்டத்தில் வேண்டாம். திங்கட்கிழமை அவளிடம் தனியாக.”

எம்னா நான்தான். மூன்று முறை படித்தேன். அழுகை வருமென்று காத்திருந்தேன், வரவில்லை. கீழே போய் ஹரிஸா மிளகாய் விழுது தடவிய சூரைமீன் ரொட்டி வாங்கினேன். காரம்கூட உறைக்கவில்லை. முழுவதும் தின்றேன்.

திருத்தம் பதினோரு வரிதான். சி நிரலிடம் கொடுக்கும் பொருளை, அது விட்டுவிடும்வரை அசைக்கக் கூடாது. இரண்டு நாள் ஓடவிட்டோம். ஒரு முறைகூட நிற்கவில்லை.

அந்த வார வியாழக்கிழமைக் கூட்டத்தில் மொந்தர், “அப்பாடா, விஸெமோட பிழை தீந்துது. பாவம் அவன்” என்றார்.

“அவனோடது இல்ல சார். என்னோடது. அவன் முன்னாடியே கண்டுபிடிச்சிட்டான்.”

“விடும்மா. இப்ப யாரு கேட்டா?”

“போன வாரம் நீங்கதான் கேட்டீங்க. எல்லார் முன்னாடியும்.”

குறிப்பைத் திரையில் போட்டேன். வாய்விட்டுப் படித்தேன். பேருந்து நேரங்களைப் படிப்பதுபோல இருந்தது என் குரல். மொந்தர் மேசையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மாலை பென் அரூஸில் அவன் வீட்டுக்குப் போனேன். துக்கத்துக்கு வந்தவர்கள் அப்போதுதான் கிளம்பியிருந்தார்கள். அவன் மனைவி ஹேலா சமையலறையில் காபிக் கோப்பைகளைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

“போன வியாழக்கிழமை வீட்டுக்கு வந்தவரு வாயே திறக்கல, எம்னா. ஆபீஸ்ல யாராச்சும் ஏதாச்சும் சொன்னாங்களா?”

“சொன்னாங்க. தப்பு என்னோடது, திட்டு அவனுக்கு. நானும் கூட சேந்து சிரிச்சேன்.”

குழாயை மூடினாள்.

“உன் தப்புன்னு அவருக்குத் தெரியுமா?”

“தெரியும்.”

ஈரக் கையை உதறினாள். பிறகு தோளில் கிடந்த துண்டை என்னிடம் நீட்டினாள்.

“இதையெல்லாம் துடைச்சு வை.”

இருபது கோப்பைகளுக்கு மேல் இருந்தன. ஒவ்வொன்றாகத் துடைத்து அடுக்கினேன்.