முப்பத்தெட்டுக் கிணறும் ஒரு வரியும்

தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் புள்ளியக்கா கத்தினாள் என்று சொன்னால் அங்கே வேலை பார்த்தவர்களே நம்பமாட்டார்கள். புள்ளிவிவரம் பார்க்கிறவள் என்பதால் அந்தப் பட்டப்பெயர். பன்னிரண்டு வருஷத்தில் தும்மலைக்கூட அடக்கித் தும்மினவள். ஆனால் அந்தத் திங்கட்கிழமை காலை டைரக்டர் அறையில் அவள் போட்ட சத்தத்தில், கீழே பாட்டில் கழுவுகிறவர் குழாயை மூடிவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார்.

விஷயம் இதுதான். ஆர் என்று ஒற்றை எழுத்தில் பெயர் வைத்துக்கொண்டு ஒரு கணினி மொழி இருக்கிறது. புள்ளிவிவரக் கணக்குக்கென்றே பிறந்தது. காசு கிடையாது, உள்ளே எப்படி ஓடுகிறது என்று யார் வேண்டுமானாலும் திறந்து பார்க்கலாம். அக்கா அதை வைத்துத்தான் வட்டாரத்துக் கிணறுகளின் கணக்கைப் போட்டுவந்தாள். புதுப் பதிப்பு வந்த சேதியெல்லாம் அவளுக்கு அத்துப்படி. என்னென்ன மாறியிருக்கிறது என்ற பட்டியலை ஆசை ஆசையாகப் படிப்பாள், ஆனால் தன் கணினியில் மட்டும் ஏற்றமாட்டாள். கடை கடையாக ஏறி இறங்கிப் புடவையைத் தடவிப் பார்த்துவிட்டு வெறுங்கையோடு வருகிறவர்கள் இருக்கிறார்களே, அந்த ஜாதி.

போன வாரம் பழைய கணினி மண்டையைப் போட்டது. புதுக் கணினி, புதுப் பதிப்பு. வழக்கமான நிரலை ஓட்டினதும் சிவப்பில் ஓர் எச்சரிக்கை வந்தது: சில மதிப்புகளை எண்ணாக்க முடியவில்லை, காலியாக விட்டிருக்கிறேன்.

தேடிப் பார்த்தால், லேப் அட்டவணையில் இரண்டு கட்டங்களில் 'இரண்டுக்குக் கீழே' என்று குறி போட்டிருந்தது. மூன்று வருஷத்துக்கு முன் வந்த கருவி இரண்டுக்குக் கீழே அளக்காது. லேப்காரர் நேர்மையான மனிதர், இருக்கிறபடி எழுதிவிட்டார். ஒரு கட்டத்தில் குறி இருந்தால் போதும், ஆர் அந்த நெடுவரிசை முழுவதையும் எண்ணாக இல்லாமல் எழுத்து என்று எடுத்துக்கொள்ளும். பழைய பதிப்பு அதோடும் நிற்காது. எழுத்துகளை வகைகளாக்கி ஒவ்வொன்றுக்கும் உள்ளுக்குள் ஒரு வரிசை எண் கொடுத்துவிடும். அதை அப்படியே எண்ணாக்கு என்றால், மார்க் எவ்வளவு என்று கேட்டதற்கு ரோல் நம்பரைச் சொல்கிற பிள்ளை மாதிரி, அந்த வரிசை எண்ணை நீட்டும். எச்சரிக்கை, முணுமுணுப்பு எதுவும் கிடையாது. அப்படியே எண்ணாக்கு என்ற அந்த ஒரு வரி அக்கா எழுதினது.

கிணறுகள் முப்பத்தெட்டு. வரிசை எண் அதைத் தாண்ட வழியே இல்லை. கைக்குழந்தையின் ரத்தத்தைக் கெடுக்கும் நைட்ரேட்டுக்கு எல்லை லிட்டருக்கு நாற்பத்தைந்து மில்லிகிராம். மூன்று வருஷமாக ஒரு கிணறுகூடத் தோற்காத அதிசயம் அப்போதுதான் அவளுக்கு விளங்கியது. எழுத்துக்கணக்கில், முதல் இலக்கத்தை முன்வைத்து அடுக்கினால் நூற்றுப்பதினெட்டு ஒன்பதுக்கு முன்னால் போய் உட்காரும். அப்படி உட்கார்ந்த கிணறு ஒன்று, நாலு என்ற எண்ணோடு 'மிகச் சுத்தம்' என்று பெயர் வாங்கியிருந்தது.

அது தங்கச்சி வீட்டுச் சந்துக் கிணறு. தங்கச்சிக்கு மூன்று மாதக் கைக்குழந்தை, புட்டிப்பால். "தைரியமா கலக்கிக் கொடுடி, நான் போட்ட கணக்கு" என்று சொன்னவளும் இதே அக்காதான்.

போனை எடுத்தாள். "பாப்பாவுக்கு அந்தக் கிணத்துத் தண்ணி வேண்டாம். இப்பவே நிறுத்து."

"கொதிக்க வெச்சுத்தானேக்கா கொடுக்கறேன்?"

"கொதிச்சா அது போகாதுடி, தண்ணி சுண்டி இன்னும் கூடும். உதடு, நகம் நீலமா இருக்கா பாரு. உடனே டாக்டர்கிட்ட போ."

"நீதானேக்கா குடிக்கலாம்னு சொன்னே?" தங்கச்சி போனை வைத்துவிட்டாள்.

அக்கா படியேறினாள். டைரக்டரின் முதுகுக்குப் பின்னால், மூன்று வருஷமாக எல்லாக் கிணறும் தேறியதற்கான பாராட்டுப் பத்திரம் கண்ணாடிச் சட்டத்துக்குள் மினுங்கியது. மனிதர் அதைத் தினமும் தானே துடைப்பார் என்று கேள்வி.

"ஓசியில கிடைச்சதை வெச்சு வேலை பார்த்தா இப்படித்தாம்மா" என்றார், அவள் சொல்லி முடித்ததும்.

"ஓசி என்ன சார் பண்ணுச்சு? முதல்ல எழுத்தாக்கு, அப்புறம் எண்ணாக்குன்னு அதோட கையேட்டுலயே எழுதியிருக்கு. நான்தான் படிக்கல."

"சரி, புதுசுலதானே எச்சரிக்கை வருது? பழசையே திரும்பப் போட்டுடு. அதுல வராதுல்ல?"

பாட்டில் கழுவுகிறவர் குழாயை மூடியது இந்த இடத்தில்தான்.

"காய்ச்சல் காட்டுதுன்னு தெர்மாமீட்டரை உடைக்கச் சொல்றீங்களா சார்? ஏழு கிணறு எல்லையைத் தாண்டியிருக்கு! ஏழு கிணத்துத் தண்ணியை ஜனம் குடிச்சுக்கிட்டிருக்கு!"

"கத்தாதேம்மா. அந்த வரி யார் எழுதினது? நீ. வெளியில போனா சந்தி சிரிக்கப்போறது யாரு? அதுவும் நீதான். அடுத்த மாச அறிக்கையில சத்தமில்லாம சரிபண்ணிக்கலாம்."

"அதுவரைக்கும் பாப்பா எதைக் குடிக்கும்?"

"எந்தப் பாப்பா?"

"எந்தப் பாப்பாவா இருந்தா உங்களுக்கென்ன சார்!"

அவள் கதவை அறைந்த வேகத்தில் பாராட்டுப் பத்திரத்தின் சட்டம் கோணிக்கொண்டது. கீழே வந்து லேப் தாள்களைப் பிரித்து, ஒவ்வொரு எண்ணையும் விரல் வைத்துச் சரிபார்த்தாள். பட்டியலை அச்செடுத்தாள். டைரக்டர் கையெழுத்துப் போடவேண்டிய இடத்தில் தன் கையெழுத்தைப் போட்டு, மேலே பேனாவால் எழுதினாள்: 'முந்தைய பட்டியல் தப்பு. தப்புச் செய்தவள் நான்.' ஏழு கிணற்றிலும் ஒட்டிக்கொண்டே வந்தாள். சந்துக் கிணறு கடைசி.

கூட்டம் சேராமல் இருக்குமா? சைக்கிள் ரிப்பேர்காரர் பல்லைக் குத்திக்கொண்டே கேட்டார்: "என்னம்மா, கம்ப்யூட்டர் தப்பாப் போட்டுருச்சா?"

ஆமாம் என்று சொல்லிவிட்டால் எவ்வளவு சௌகரியம்! நாக்கு நுனிவரைக்கும் வந்தது.

"அது சொன்னதைச் செஞ்சுது. தப்பாச் சொன்னது நான்."

"படிச்சவங்க செய்யற வேலை" என்றாள் இடுப்பில் குடம் வைத்திருந்த ஒருத்தி, காதில் விழட்டும் என்றே. அக்கா நோட்டீஸின் அடுத்த மூலைக்குப் பசை தடவினாள்.

தங்கச்சி தோளில் குழந்தையோடு வந்தாள். அக்காவைப் பார்க்காமல் நோட்டீஸைப் பார்த்துப் பேசினாள். "ரத்தம் எடுத்துப் பார்த்தாங்க. இப்போதைக்குப் பயமில்லையாம். தண்ணியை மாத்தணுமாம்."

அக்காவின் கண் கலங்கியது. தங்கச்சி அதைச் சட்டை செய்யவில்லை.

"எந்தக் கிணறு நல்லது?"

"பின் தெருக் கிணறு. மூணு."

"நிஜ மூணா, உன்னோட மூணா?"

"லேப் தாளையே பார்த்தேன்டி. மூணு தடவை."

தங்கச்சி இரண்டு காலிக் கேன்களைக் காலால் அவள் பக்கம் தள்ளினாள். "நீயே தூக்கிட்டு வா. முதல் டம்ளர் நீ குடிக்கறதை நான் பார்க்கணும்."

அக்கா பின் தெருவுக்கு நடந்தாள். திரும்பி வருகையில் தோள்பையில் போன் அடித்துக்கொண்டே இருந்தது, டைரக்டராகத்தான் இருக்கும். கையிரண்டிலும் கேன், தளும்பத் தளும்பத் தண்ணீர். அடிக்கட்டும் என்று நடந்தாள்.