கால் காட்டும் வேலை

முழங்கால் வரை சிலுவாரைச் சுருட்டிவிட்டுக் காட்டோரத்தில் உட்கார்ந்திருப்பதுதான் வேலை. காலில் கொசு வந்து உட்காரும். அது ஊசியை இறக்குவதற்குள் கண்ணாடிக் குழாயைக் கவிழ்த்துப் பிடித்து, பஞ்சால் வாயை அடைத்து, யார் காலில் பிடித்தது என்று ஒட்டுத்தாளில் பெயர் எழுத வேண்டும். கடிக்க விடக்கூடாது. கடிக்க விட்டால் வேலை தெரியாதவன் என்று அர்த்தம்.

பகலில் நான் கெர்லிங் பக்கத்துத் தோட்டத்தில், எண்ணெய் எடுக்கிற செம்பனைக் குலை வெட்டுகிறவன். போன மாதம் எங்கள் தோட்டத்தில் இரண்டு பேருக்குக் குரங்கு மலேரியா வந்தது. ஒருவர் எழுந்து வேலைக்கு வந்துவிட்டார். இன்னொருவரை ஆஸ்பத்திரியிலிருந்து வெள்ளைத் துணியில் சுற்றிக் கொடுத்தார்கள். அதைப் பற்றி ஆராயப் பல்கலைக்கழகத்திலிருந்து வந்தவர்களில் என் மகள் ரூபினியும் ஒருத்தி. கொசு பிடிக்க உள்ளூர் ஆட்கள் இரண்டு பேர் வேண்டும், மலேரியா வராமலிருக்கத் தினமும் மாத்திரை போட வேண்டும் என்றார்கள். நான் முதலில் கை தூக்கினேன். இரண்டாவது கை பக்கத்து வீட்டுச் சேதுவுடையது.

மூன்றாவது சாயங்காலம் அவன் பெயரில் பதினேழு குழாய்கள் இருந்தன. என் பெயரில் நான்கு.

"கொசுவுக்கும் ஆள் தெரியுது லா, அண்ணே" என்றான் சேது. "முப்பது வருசம் குலை வெட்டி ஒங்க ரத்தம் வத்திப் போச்சு. அதுங்க ஏமாந்து திரும்பிப் போவுது."

ரூபினி வாய்விட்டுச் சிரித்தாள். நானும் சிரித்தேன். வேறு என்ன செய்ய.

அவள் என்ன படித்தாள் என்று எனக்குத் தெரியாது. கேட்டுப் பார்த்திருக்கிறேன். "அது பெரிய சப்ஜெக்ட்பா, ஒங்களுக்கு போரடிக்கும்" என்பாள். அவள் பள்ளிக்கூடம் சேர்ந்தபோது கொடுத்த முதலாம் ஆண்டுப் புத்தகத்தை வைத்துத்தான் நான் எழுத்துக் கூட்டிப் பழகினேன். அப்போது எனக்கு நாற்பது வயது. அவள் ஆறாம் ஆண்டுக்குப் போனபோது நான் அவளுடைய பழைய மூன்றாம் ஆண்டுப் புத்தகத்தில் இருந்தேன். அதற்கப்புறம் அவள் போன இடத்துக்கு என்னிடம் புத்தகம் இல்லை. சேது இடைநிலைப் பள்ளியில் படிவம் மூன்று வரை போனவன். லோரி ஓட்டுகிறவன், நாலு ஊர் பார்த்தவன். தேநீர் குடிக்கும் நேரத்தில் அவள் பிளாஸ்கை எடுத்துக்கொண்டு அவன் பக்கத்தில்தான் போய் உட்காருவாள்.

அன்றைக்கும் அப்படித்தான். நான் என் காலைப் பார்த்தபடி காதை அங்கே வைத்திருந்தேன்.

"குரங்குக்குள்ள இந்தக் கிருமி ரொம்ப காலமா இருக்கு, சித்தப்பா. குரங்கு பாட்டுக்குத் தின்னுட்டுத் திரியுது. மனுசனுக்கு வந்தாத்தான் சில பேர அடிச்சுப் போடுது. ஏன் ஒருத்தருக்கு லேசா வருது, இன்னொருத்தரக் கொல்லுதுன்னுதான் பாக்குறோம்."

"மெதுவா தின்னா அதுக்கும் நல்லதுதானே?" என்றான் சேது. "ஆள் செத்துட்டா அதுவும் சேந்துதானே போவணும்?"

அந்தக் கேள்வி என் வாயில்தான் இருந்தது. சத்தியமாக இருந்தது. அவன் முந்திக்கொண்டான்.

"அதான் பாயிண்டு!" அவள் அவன் தோளைத் தட்டினாள். "தனியா இருந்தா மெதுவா தின்னலாம். ஒரே ஒடம்புல ரெண்டு வகை பூந்துட்டா? நான் விட்டா அவன் தின்னுடுவான்னு ரெண்டும் பறக்கும். எவன் சீக்கிரமா பெருகுறானோ அவன்தான் அடுத்த கொசுவுல ஏறிப் போவான். எடம் கொடுத்த ஒடம்பு தாங்குமான்னு எவனும் பாக்க மாட்டான்."

இவ்வளவு தெளிவாகச் சொல்லத் தெரிகிறவள். இதில் எனக்குப் புரியாத வார்த்தை ஒன்றுகூட இல்லையே.

அவள் குழாய்களை எடுத்துக்கொண்டு வண்டிக்குப் போனாள். நன்றாக இருட்டிவிட்டிருந்தது. சேது நாற்காலியில் சாய்ந்து கொட்டாவி விட்டான். "மாத்திரைய நேத்தே நிறுத்திட்டேன்ணே. வயித்த எரிக்குது. புள்ளகிட்ட சொல்லிடாதீங்க" என்றான். காலையிலிருந்து லோரி ஓட்டியவன், பேசிக்கொண்டிருக்கும்போதே தூங்கிப்போனான்.

கொஞ்ச நேரத்தில் அவன் கெண்டைக்காலில் ஒன்று வந்து உட்கார்ந்தது. தலையைக் கீழே வைத்து, பின்பக்கத்தைத் தூக்கிக்கொண்டு நின்றது. மலேரியாக் கொசு அப்படித்தான் நிற்கும். குழாய் என் கையில் இருந்தது. எட்டிப் பிடிக்க ஒரு முழத் தூரம். அவன் நல்லவன்தான். என் மனைவி இறந்த அன்று ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாக ஓடியவன். அதெல்லாம் அப்போதும் நினைவில் இருந்தது. இருந்தும் என் கை நகரவில்லை. நெற்றி விளக்கு வெளிச்சத்தில் அதன் வயிறு மெல்ல மெல்லச் சிவந்தது. அது குடித்து முடித்து அசைந்த பிறகுதான் குழாயைக் கவிழ்த்தேன்.

ஒட்டுத்தாளில் இன்னும் பேனாவை வைக்கவில்லை. ரூபினி என் முன்னால் வந்து நின்றாள். குழாயை வாங்கி விளக்கில் காட்டினாள்.

"அப்பா! கடிக்க விட்டுட்டீங்களா?"

நான் பதில் சொல்வதற்குள் அவள் ஈர மண்ணில் மண்டியிட்டு என் காலை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். "எங்கப்பா கடிச்சது? எந்த எடம்? மாத்திர போட்டீங்கதானே?"

போட்டேன் என்று தலையாட்டினேன். அது உண்மை.

"இருந்தாலும் ரெண்டு வாரத்துக்கு நானே வந்து ரத்தம் எடுத்துப் பாக்குறேன். தினமும் வருவேன். நான் ஏன் பயப்படுறேன்னு சொல்றேன், நல்லா கேளுங்க. இந்தக் கிருமி இருக்குல்ல, ஒரு நாளைக்கு ஒரு தடவ பெருகும்..."

அவள் விரல்கள் என் காலில், வெட்டுத் தழும்புகளுக்கு நடுவில், இல்லாத கடியைத் தேடிக்கொண்டிருந்தன. அவள் குரல் எனக்காகவே மெதுவாக வந்தது. அவள் முதுகுக்குப் பின்னால் சேது தூக்கத்தில் ஒரு காலைத் தூக்கி, மற்றக் காலின் கெண்டைச் சதையை நகத்தால் வறட் வறட்டென்று தேய்த்துக்கொண்டான்.