பின்சீட்டில் இருந்த கேக்

1

இந்தக் கதை இலக்கிய தாகத்தில் பிறக்கவில்லை. என் மனைவி போட்ட உத்தரவில் பிறந்தது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு என்னைத் திட்டக் கூடாது.

புதுக் கார் வேண்டும். அதில் எங்களுக்குள் தகராறு இல்லை. பழைய காரில் என் பக்கத்துக் கதவைக் கயிற்றால் கட்டித்தான் ஓட்டுகிறோம். சொந்தமாக வாங்குவதா, லீஸுக்கு எடுத்து மூன்று வருடத்தில் திருப்பிக் கொடுப்பதா என்பதில்தான் வீடு இரண்டுபட்டுக் கிடக்கிறது. நான் லீஸ் கட்சி. அவள் சொந்தக் கட்சி.

வாதத்துக்கு நடுவில் என் வாய் சும்மா இருந்திருக்கலாம். இருக்கவில்லை. "மூணு வருஷத்துல கேக் கடை எப்படிப் போகுதுன்னு பாத்துக்கலாமே" என்று சொல்லிவிட்டது.

போன வருடம்தான் அவள் காப்பீட்டு அலுவலக வேலையை உதறிவிட்டு, எங்கள் சமையலறையிலேயே கல்யாண கேக் செய்யத் தொடங்கினாள். கடை என்றால் அதுதான் கடை. நான் சொன்னதைக் கேட்டதும் கிரீம் பிழியும் பையை மெதுவாகக் கீழே வைத்தாள். அவள் எதையும் மெதுவாக வைத்தால் நான் உஷாராகிவிட வேண்டும்.

"கடை நிக்காதுன்னு நினைக்கிறீங்களா?"

நான் அப்படியில்லை, இப்படியில்லை என்று இழுத்தேன்.

"வாயால நீங்க நல்லாவே சமாளிப்பீங்க. கதையா எழுதுங்க. அதுல பொய் சொல்ல உங்களுக்கு வராது. படிச்சுப் பாத்துட்டு கார் விஷயத்தை நான் முடிவு பண்றேன்."

ஆக, நான் எழுதுவதைப் பார்த்துத்தான் எங்கள் வீட்டுக்குக் கார் வரப்போகிறது. என் மேல் அவளுக்கு நம்பிக்கை இருக்குமா போகுமா என்பதும் இதில்தான் இருக்கிறது. எந்த விமர்சகரும் என்னை இப்படி வியர்க்க வைத்ததில்லை.

2

முதல் தொடக்கம்: "அதிகாலைப் பனியில் அந்தச் சிவப்புக் கார் ஒரு—"

[ஒரு என்ன? அரை மணி நேரம் யோசித்தேன். கார் கார் மாதிரிதான் இருந்தது. விட்டுவிட்டேன்.]

இரண்டாம் தொடக்கம்: "மனிதன் எதைத்தான் சொந்தம் என்று சொல்ல முடியும்? இந்த உடம்பே லீஸுக்கு எடுத்ததுதானே. அப்படியிருக்க—"

[அந்தப் பக்கமாகப் போனவள் எட்டிப் பார்த்தாள். லீஸுக்கு எடுத்த உடம்பைத் தினம் கொஞ்சம் நடக்க வைத்தால் தேவலை என்று சொல்லிவிட்டுப் போனாள். அடித்துவிட்டேன்.]

மூன்றாம் தொடக்கம்: "அவள் கேக்கோடு ஷோரூமுக்குப் போனாள்."

இது உண்மையிலேயே நடந்தது. இங்கிருந்து பேனா தானாகவே ஓடியது.

3

அவள் கேக்கோடு ஷோரூமுக்குப் போனாள். மூன்றடுக்கு. யாரும் கேட்டுச் செய்ததில்லை, காரைச் சோதிப்பதற்கென்றே செய்தது.

டை கட்டிய விற்பனையாளர் இன்ஜினின் அருமை பெருமைகளை ஆரம்பித்தார். அவள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, கேக்கை ஏற்றிக்கொண்டு ஓட்டிப் பார்க்கலாமா என்றாள். அவர் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன்.

கார் சீட் எப்போதும் பின்பக்கம் சரிந்திருக்கும். நான் இத்தனை வருடம் உட்கார்ந்தும் கவனிக்காத விஷயம் இது. அவள் கையோடு கொண்டுவந்த பலகையைப் பின்சீட்டில் போட்டு, அடியில் துண்டை மடித்து வைத்துச் சமன் செய்து, அதன் மேல் கேக்கை வைத்தாள். பக்கத்தில் விற்பனையாளர், இரண்டு கையாலும் அணைத்தபடி. முன்னால் நான்.

வண்டி கிளம்பியதும் அந்த மனிதருக்குக் காரை விற்கும் நினைப்பே போய்விட்டது. "மேடம், வேகத்தடை வருது மேடம்" என்று மூச்சைப் பிடித்துக்கொண்டே வந்தார். ரவுண்டானாவை அவள் இரண்டு முறை சுற்றினாள். சந்தைத் தெருவின் குண்டும் குழியுமான பக்கத்தைத் தேடிப் போனாள். திரும்பி வந்து பார்த்தால் கேக்குக்கு ஒன்றும் ஆகவில்லை. சர்க்கரை ரோஜா ஒன்று மட்டும் அவருடைய சட்டைப் பைக்குள் விழுந்திருந்தது.

லீஸா, சொந்தமா என்று கேட்டார். அவள் என்னைக் காட்டினாள். "இவர் எழுதிட்டு இருக்கார்" என்றாள். அவர் ஏதோ படிவம் என்று நினைத்துக்கொண்டு தலையாட்டினார். கேக்கை அங்கேயே வெட்டினோம். ஷோரூம் முழுக்க விரலை நக்கிக்கொண்டு நின்றது.

[இந்தக் கணவன் பாத்திரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. முதல் வரைவில் அவன் நிதானமானவன், நாலும் யோசிக்கிறவன், மனைவியின் நலனுக்காகவே லீஸ் கேட்கிறவன். ஓரத்தில் அவள் பென்சிலால் எழுதியிருந்தாள்: "யார் இந்த நல்லவர்? நம்ம வீட்டுக்கு எப்ப வந்தார்?" அவனை அனுப்பிவிட்டேன்.]

4

இனி முடிவு.

அ. வாங்குகிறார்கள். கடை ஓகோவென்று ஓடுகிறது.

[ஐஸ் வைக்கிறேன் என்று ஒரே பார்வையில் கண்டுபிடித்துவிடுவாள். வேண்டாம்.]

ஆ. பயந்ததை அப்படியே எழுதுவோம் என்று உட்கார்ந்தேன். பேனாவைத் தாளிலிருந்து எடுக்காமல் எழுதினேன்:

"மூன்று வருடம் முடிந்தது. கேக் கடையை மூடிச் சில மாதங்கள் ஆகியிருந்தன. அவள் மறுபடியும் அலுவலகம் போய்க்கொண்டிருந்தாள். லீஸ் முடிந்து காரைத் திருப்பிக் கொடுக்கும் நாள். கழுவித் துடைத்துவிட்டு அவளே ஓட்டினாள். நான் முன்னால் உட்கார்ந்திருந்தேன். ஒவ்வொரு வேகத்தடையிலும் வண்டியை ஊர்ந்து ஏறி இறங்கவிட்டாள். பின்சீட்டில் கேக் ஆடாமல் அசையாமல் வந்தது. சாவியைக் கொடுத்துவிட்டு இருவரும் நடந்தே வீட்டுக்கு வந்தோம்."

எழுதிவிட்டு நானே கண்ணைத் துடைத்துக்கொண்டேன். கதை என்றால் இது கதை என்று முதுகில் தட்டிக்கொண்டேன்.

இ. காரே வேண்டாமென்று சைக்கிள்—

[சைக்கிளில் மூன்றடுக்கா? வெட்கமாக இல்லையா?]

5

அவள் கையெல்லாம் மாவு. அதனால் நான்தான் பக்கங்களைத் திருப்பினேன். ஷோரூமுக்கு விழுந்து விழுந்து சிரித்தாள். ஆ-வுக்கு வந்ததும் சிரிப்பு நின்றது. இந்த முடிவை ஏன்தான் எழுதித் தொலைத்தேனோ என்றிருந்தது.

"கடையை மூடிட்டேன்னு எழுதியிருக்கீங்க."

"கதைதானே..."

"மூடிச் சில மாசம் வேற ஆச்சு."

"ம்."

"அப்ப பின்சீட்ல கேக் எப்படி வந்துச்சு?"

தாளைப் பிடுங்கிப் பார்த்தேன். இருந்தது. ஆடாமல் அசையாமல், என் கையெழுத்திலேயே இருந்தது. எழுதியது நினைவில்லை. கடையை மூடிவிட்டேன், அவளை அலுவலகத்துக்கு அனுப்பிவிட்டேன், காரைக்கூடத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். கேக்கை மட்டும் இறக்கவில்லை. அவள் வண்டி ஓட்டினால் பின்னால் கேக் இருக்கும். அவளை வேறு மாதிரி நினைத்துப் பார்க்க எனக்குத் தெரியவில்லை. என் வாய்தான் பயந்திருக்கிறது, நான் பயப்படவே இல்லை. அவ்வளவு சந்தோஷமாக இருந்தது எனக்கு.

தவறைத் தவறென்று அடிக்கப் பேனாவைத் திறந்தேன். மாவுக் கையால் என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"தொடாதீங்க. எனக்கு இந்த ஒரு வரி போதும்."

அப்புறம் சிரிக்க ஆரம்பித்தோம். வெகுநேரம் நிறுத்த முடியவில்லை.

6

அந்தத் தவறை நான் திருத்தவில்லை. சந்தேகமிருந்தால் நான்காம் பகுதிக்குப் போய்ப் பாருங்கள், கேக் அங்கேயே இருக்கும்.

லீஸா, சொந்தமா என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. அவள் முடிவு பண்ணிவிட்டாள். கார்கூட வந்துவிட்டது. எதுவென்று நான் சொல்லப்போவதில்லை. உங்களுக்கு எது பிடிக்கிறதோ அதையே வாசலில் நிறுத்திக்கொள்ளுங்கள், நிறமும் உங்கள் இஷ்டம்.

இதைவிட விரிவாக எழுத எனக்கு நேரமில்லை. கீழே ஹாரன் அடிக்கிறாள். இன்றைக்கு நாலடுக்காம், பலகை மட்டும் போதாதாம், பின்சீட்டில் உட்கார்ந்து பிடித்துக்கொள்ள ஆள் வேண்டுமாம். இதோ வந்துவிட்