இரண்டு இடது கைகள்

நான் ஆடை வடிவமைப்புக் கல்லூரியில் துணிப் பிரிவு மாணவி. தறி தெரியும், சாயம் தெரியும், நூலைத் தொட்டுப் பார்த்தே அதன் ஜாதகத்தைச் சொல்லிவிடுவேன். ஆனால் என் சட்டையில் பொத்தான் அறுந்தால் ஊக்கு குத்திக்கொண்டு வகுப்புக்குப் போகிற ஜென்மம். அப்படிப்பட்டவள்தான், ஆண்கள் உடை வடிவமைப்பில் ஒரு கோட்டு தைத்துக் காட்டுகிறேன் என்று எழுதிக் கொடுத்தேன். எல்லாம் ரோஷம். ஆண்கள் உடைப் பிரிவு மேடம் எங்கள் கண்காட்சியைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "நீங்கல்லாம் நெய்யிறது சுவர்ல மாட்டத்தான் லாயக்கு" என்று போகிறபோக்கில் சொல்லிவிட்டார். கோட்டு தேறினால் இறுதி ஆண்டில் அவர் பிரிவில் எனக்கு இடம். தேறாவிட்டால் சுவர்தான்.

ஏழு வாரம் நெய்தேன். ஒரு பக்கம் கருநீலம், மறுபக்கம் கடுகு மஞ்சள், இரண்டிலும் மெல்லிய கோடுகள். உள்பக்கத்தை யார் பார்க்கப் போகிறார்கள் என்று தோழிகள் கேட்டார்கள். நான் பார்ப்பேனே! ஒரு கோட்டுக்குச் சரியாக நெய்திருந்தேன், கையகலத் துண்டுகூட மிச்சம் வராது.

போட்டுக் காட்டப் போகிறவர் அப்பா. லிஃப்ட் மெக்கானிக். கருவிப்பெட்டி தூக்கித் தூக்கி வலது தோள் ஒரு விரல் இறங்கியிருக்கும். அளவெடுக்கும்போது மூச்சை இழுத்துப் பிடித்துத் தொப்பையை ஒளித்து வைத்துக்கொண்டார். நான் வேண்டுமென்றே மெதுவாக எழுதினேன். வேறு வழியில்லாமல் மூச்சை விட்டபிறகுதான் சரியான அளவு கிடைத்தது.

தையல் படித்தவர்கள் துணியை இரண்டாக மடித்து வெட்டுவார்கள். இடது கையும் வலது கையும் தானாக வந்துவிடும். எனக்கோ மடிப்பில் கோடு ஒரு நூல் பிசகினாலும் தூக்கம் வராது. ஒற்றையாக விரித்து, கைக்கான மாதிரிக் காகிதத்தை வைத்து ஒன்று வெட்டினேன். காகிதத்தைத் திருப்பிப் போடாமல் அப்படியே நகர்த்தி இன்னொன்று வெட்டினேன். கோடுகள் அச்சு அசலாகப் பொருந்தின. என் முதுகை நானே தட்டிக்கொடுத்துக்கொண்டேன். தைத்து முடித்தபிறகுதான் தெரிந்தது, இரண்டும் இடது கை.

அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, அப்படி அமைந்த ஆள் யாராவது கிடைப்பாரா என்று விசாரித்துப் பார்க்கட்டுமா என்றார். நான் ஓவென்று அழுதேன். அழுது முடித்து, ஆத்திரத்தில் ஒரு கையை உள்வெளியாகப் புரட்டி எறிந்தேன். விழுந்து கிடந்ததைப் பார்த்தால், அது வலது கை. நிறம் மட்டும் மஞ்சள். தையலைப் பிரித்து, மஞ்சள் பக்கம் வெளியே வரும்படி மறுபடி தைத்தேன்.

ஏன் இப்படி என்று கேட்டால் சொல்ல ஒரு பேச்சும் தயாரித்தேன். உழைக்கும் ஆணின் அகமும் புறமும், அது இது என்று. அப்பாவிடம் ஒப்பித்துக் காட்டினேன். ஒன்றும் புரியவில்லை, ஆனால் கேட்க நன்றாயிருக்கிறது என்றார்.

தேர்வு நான்காவது மாடியில். அப்பா அரை நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு வந்திருந்தார். மேடம் கோட்டை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, ஒரு கை மட்டும் ஏன் மஞ்சள் என்று கேட்டார். நான் தொண்டையைச் செருமினேன். அதற்குள் அப்பா முந்திக்கொண்டார்.

"ரெண்டும் இடது கையா வெட்டிட்டா மேடம். ஒண்ணைத் திருப்பிப் போட்டு வலதாக்கிட்டா. கெட்டிக்காரி."

பூமி பிளந்தால் உள்ளே போய்விடலாம் போலிருந்தது. மேடம் சிரிக்கவில்லை. தையலைப் பார்க்க வேண்டும், கோட்டைக் கழற்றித் தாருங்கள் என்றார். அப்பா தயங்கினார்.

"ஒரே நிமிஷம் மேடம். லிஃப்ட் கண்ணாடில பாத்துட்டு வந்துடறேன். இத்தனை வருஷத்துல அழுக்குச் சட்டையோடதான் என்னை அதுல பாத்திருக்கேன்."

எனக்குக் கோபமெல்லாம் போய்விட்டது. மேடம் தலையாட்டினார். ஒரு நிமிடம் இருபது நிமிடமானது. மேடம் கடிகாரத்தைப் பார்த்தார், நான் கதவைப் பார்த்தேன். அப்பா ஒருவழியாக வந்தபோது மஞ்சள் கை முழங்கை வரைக்கும் கிரீஸ்.

இரண்டாவது மாடியில் லிஃப்ட் கதவு இழுத்துப் பிடிக்கிறதாம், மேலே இருக்கிற உருளை விலகிவிட்டதாம், பார்த்தபிறகு எப்படி விட்டுவிட்டு வருவது என்றார். என் ஏழு வாரம்.

"மேல கையத் தூக்கியா சரி பண்ணீங்க?" என்று கேட்டார் மேடம்.

ஆமாம் என்று அப்பா இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்கிக் காட்டினார். அக்குளில் ஒரு தையல்கூட விடவில்லை. இறங்கிய தோளில் கோட்டு அசையாமல் உட்கார்ந்திருந்தது. மேடம் கிரீஸ் கறையைத் தொட்டுப் பார்த்தார், மஞ்சள் துணியை விரலால் நீவினார். பிறகு தாளில் என் பெயருக்கு எதிரே 'தேர்ச்சி' என்று எழுதினார்.

"இனிமே இதைச் சுவர்ல மாட்ட முடியாதும்மா" என்றார்.

அப்பா இன்னும் கையை இறக்கவில்லை.